குவளை பதித்த மேடு

புளியங்குறிச்சிக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்ல, குழி வெட்ட, கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்க எல்லாவற்றுக்கும் உபதேசியார் மதலைமுத்துதான். அவரிடம் ஊழியம் பழக வந்த சீடர் வியாகுலம், மில் வேலையில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், போன மாதம்தான் ஊரில் குடியேறியவர். வயசில் சீடர் பதினாறு வருஷம் மூத்தவர். அதனால் என்ன, குரு குருதான்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் இருவரும் வடக்குச் சுவரோரம் நின்றார்கள். அங்கே ஐந்து சின்ன மேடுகள்.

"ஒண்ணு இன்னாசியம்மா மகன் தோமினிக்," என்றார் உபதேசியார். "மத்த நாலும் கரும்பு வெட்ட வந்தவங்க பிள்ளைங்க. பதினஞ்சு வருஷம் முன்ன, ஒரே வாரத்துல காய்ச்சல் கொண்டுபோயிருச்சு. பெத்தவங்க அப்புறம் வரவேயில்லை."

"யாரும் வராத மேட்டுக்கு எதுக்குங்க மண் அணைக்கணும்? மெழுகுவத்தி ஏத்தக்கூட ஆள் இல்லையே."

உபதேசியார் மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தார்.

"அஞ்சுக்கும் ஒரே மாதிரி அணைச்சிருங்கண்ணே. நாளைக்குச் சாயங்காலம் சாமியாரைக் கூட்டிட்டு வந்துர்றேன்," என்று டவுனுக்குப் பஸ் ஏறினார்.

வியாகுலம் மண்ணை அணைத்ததோடு நின்றிருக்கலாம். மனுஷனுக்கு ஆர்வக்கோளாறு! தோட்டம் முழுக்க மேடுகளின் தலைமாட்டில் என்னென்னவோ கிடந்தன. உடைந்த குழவி, நெளிந்த செம்பு, துருப்பிடித்த கத்தரி, ஓர் எனாமல் குவளை. திருநாளும் அதுவுமாக இவ்வளவு குப்பையா என்று எல்லாவற்றையும் பிடுங்கி வாசலில் குவித்தார். தோட்டம் பளிச்சென்று ஆனது. அவருக்கு ஒரே பெருமை.

மறுநாள் மாலை முதலில் வந்த பெண் குவியலைப் பார்த்து அலறிவிட்டாள்.

"அடப் பாவி மனுசா! எங்கய்யா கத்தரியை எவன் பிடுங்கினது?"

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அந்த ஊரில் சிமெண்டுக் கல்லறை கட்ட யாருக்கும் வசதியில்லை. செத்தவர் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து மேட்டில் பதிப்பார்கள். அதுதான் அடையாளம், பெயர் எல்லாம்.

வியாகுலத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சனங்கள் திட்டிக்கொண்டே அவரவர் பொருளைத் தேடி எடுத்தார்கள். பக்கத்து மேடுகளை வைத்து, ஒருவருக்கொருவர் சொல்லி, இடத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசியில் இன்னாசியம்மா மட்டும் எனாமல் குவளையோடு வடக்குச் சுவரோரம் நின்றாள். எதிரே ஐந்து மேடுகள், அச்சில் வார்த்த மாதிரி.

"இந்தக் குவளையைப் பாத்துத்தான் வருசா வருசம் உக்காருவேன். இப்ப எதுல உக்காருறது?" என்றாள்.

"நான்தாம்மா பிடுங்கினேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

அவள் திட்டவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அதற்குள் உபதேசியார் சாமியாரோடு வந்துவிட்டார். வியாகுலம் ஓடினார். நடந்ததைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"தோமினிக் எதுங்க? உங்களுக்குத் தெரியுமில்ல?"

"நான் வெட்டின குழிதானே. மூணாவது. பிடுங்கினவர் நீங்க, நீங்களே போய்ச் சொல்லுங்க."

அவர் போவதற்குள் இன்னாசியம்மா மண்ணில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மேட்டிலும் மெழுகுவத்தி எரிந்தது. இருந்த சாமந்தியை ஐந்தாகப் பிரித்து வைத்திருந்தாள்.

"அம்மா, மூணாவதுதான் உங்க பிள்ளை."

அவள் மூன்றாவது மேட்டைக் கையால் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள். பிறகு மற்ற நாலையும் பார்த்தாள்.

"சரிய்யா. அதுக்காக ஏத்தினதை அணைக்கவா முடியும்?"

சாமியார் தீர்த்தம் தெளித்து மேடுகளை மந்திரித்து முடித்ததும் சனங்கள் கலைந்தார்கள். இன்னாசியம்மா கொடுத்த குவளையோடு வியாகுலம் குருவிடம் வந்தார். நேற்றுக் கேட்ட கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை.

"காலையில வந்து இதை மூணாவது மேட்டுல பதிச்சிரட்டுங்களா?"

"பதிங்கண்ணே," என்றார் உபதேசியார். "வரும்போது உங்க வீட்டுலருந்து நாலு சாமான் எடுத்துட்டு வாங்க."