கரியவனை வைத வேம்பியம்மையார்

திருநெல்லிக்கரையில் கறைமிடற்றீசர் கோயிலுக்குக் கொடிச்சீலையைச் சாயத்தில் தோய்த்துக் கொடுத்துவந்தவர் வேம்பியம்மையார். எந்த ஊரிலிருந்தோ தனியாக வந்தவர். சாயம் ஏறிய கையோடு உள்ளே வரக் கூடாது என்று வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள். ஒருநாளும் அவர் வேலையில் குறை வைத்ததில்லை. சீலையை ஒப்படைத்துவிட்டு, சந்நிதி இருக்கும் பக்கம் பார்த்து உரத்த குரலில் பாடுவார்:

“கரியவன் வந்தான், கதவோரம் நின்றான்,
செவப்பைக் கேட்டான், சேலையோடே கொடுத்தேன்,
வெள்ளி முளைக்குமுன்னே வீடு வெறிச்சாச்சே!”

கடைத்தெரு இளவட்டங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. “சேலையோடே கொடுத்தாளாமே! யாரடி அந்தக் கரியவன்?” என்று வழிமறித்தார்கள். அம்மையார் சாயம் கிளறும் கழியை ஓங்கிக்கொண்டு துரத்தினார்.

கோயிலில் புராணம் சொல்லிவந்த ஞானசிகாமணியாரோ அந்தப் பாட்டைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். கருமை ஆணவம், செம்மை ஆசை, வெண்மை ஞானம் என்று மண்டபத்தில் விரித்துச் சொன்னார். கூட்டம் தலையாட்டியது. வாசலில் நின்று கேட்ட அம்மையாருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தடையை மீறி உள்ளே நுழைந்துவிட்டார்.

“நிறுத்துமையா! ஆசையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. செவப்பு என் பிள்ளை! செக்கச்செவேலென்று பிறந்தான், அப்படித்தான் கூப்பிட்டேன். காய்ச்சல் கொண்டுபோனது. என் சேலையில் சுற்றித்தான் கொடுத்தேன். கேட்டு வாங்கியவன் அதோ, கழுத்துக் கறுத்தவன், உள்ளே உட்கார்ந்திருக்கிறான். அவனைத்தான் தினமும் வைகிறேன். நடுவிலே நீங்கள் யார்?”

“ஈசனையா வைகிறாய்? இழுத்து வெளியே தள்ளுங்கள்!” என்று ஞானசிகாமணியார் கத்தினார். காவலர்கள் அம்மையாரின் கையைப் பற்றினார்கள்.

அப்போது கருவறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“விடுங்கள் அவளை. வசவு எனக்கு வந்தது. பதில் சொல்ல வேண்டியவனும் நான்.”

மண்டபமே தரையில் விழுந்து வணங்கியது. அம்மையார் மட்டும் நின்றார். கோபம் தணியவில்லை.

“அப்படியானால் சொல். என் பிள்ளை எங்கே?”

“என் மடியில் தூங்குகிறான், தாயே. கொஞ்சம் மெல்லப் பேசு.”

அம்மையார் அப்படியே உட்கார்ந்தார். இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார்.

ஈசனையே நிற்கவைத்துக் கேட்டு, அவன் வாயாலேயே ‘தாயே’ என்று அழைக்கப்பெற்ற அந்தக் கோபத்தின் திருவடிகளுக்கு நம் வணக்கம்.