ஆறு மில்லிமீட்டர் பள்ளம்

பல் டாக்டர் தேவசகாயத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தைந்து வருடம் வெள்ளி அடைத்தே பெயர் வாங்கியவர். நீல விளக்குக் காட்டி இறுக வைக்கும் வெள்ளைப் பசையைக் கற்றுக்கொள்ள, தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரான டாக்டர் நஸ்ரினிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். கூச்சமெல்லாம் முதல் வாரத்தோடு போயிற்று. பழைய பழக்கம்தான் போகவில்லை.

அன்று அவருடைய ஊர்க்காரர் பொன்னுலிங்கம் வந்தார். லாரி ஓட்டுநர். சாயங்காலம் சூரத்துக்கு லோடு ஏற்றிக் கிளம்புகிறவர், திரும்ப ஒரு மாதம் ஆகும். கடைவாய்ப் பல்லில் ஆறு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம். தேவசகாயம் வெள்ளி அடைக்கிற நினைப்பில் பசையை மொத்தமாக வைத்து அமுக்கி, இருபது விநாடி விளக்குக் காட்டினார். கருவியால் தட்டிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. தாராளமாக முறுக்குக் கடிக்கலாம் என்று வாக்கும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

எத்தனை அடுக்கு வைத்தீர்கள் என்று நஸ்ரின் கேட்டார். ஒன்று என்றார் தேவசகாயம்.

“ரெண்டு ரெண்டு மில்லிமீட்டரா வைக்கச் சொன்னீங்க. ஆனா தட்டிப் பாத்தேன் டாக்டர், நல்லா இறுகிடுச்சு. அப்புறம் எதுக்கு மூணு தடவை?”

நஸ்ரின் கறுப்பு ஸ்ட்ரா ஒன்றில் ஆறு மில்லிமீட்டர் துண்டு நறுக்கி, அதே பசையை நிரப்பி, மேலிருந்து இருபது விநாடி விளக்குக் காட்டினார். ஸ்ட்ராவைக் கீறி உரித்துவிட்டு, உள்ளே இருந்ததையும் ஒரு சின்னக் கத்தியையும் அவரிடம் கொடுத்தார்.

மேல்பக்கம் கத்திக்கு அசையவில்லை. திருப்பி அடியைச் சுரண்டினார். வெளிச்சம் எட்டாத பசை கத்தியோடு வந்தது.

தேவசகாயத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. அடி இறுகாத அடைப்பு மெல்ல மெல்ல நெகிழும், பாதி வழியில் பல் குத்த ஆரம்பிக்கும். அது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் வழியே பார்த்தார். பொன்னுலிங்கம் கீழே மருந்து வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த மாதம் வரும்போது சரிசெய்துவிடலாமே என்று இழுத்தார். இருபது வருடமாகத் தன்னை நம்புகிற குடும்பம், இப்போது கூப்பிட்டு எல்லாவற்றையும் தோண்டி எடுக்க வேண்டும் என்றால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்றார்.

“அவர்கிட்ட நான் என்னன்னு சொல்றது டாக்டர்?”

நஸ்ரின் புதுக் கையுறை ஒரு ஜோடி எடுத்து அவரிடம் நீட்டினார்.

“இப்பக் கூப்பிட்டுச் சொன்னீங்கன்னா, இது உங்க தப்பு மட்டும்தான் சார். லாரி கிளம்பிட்டா, அவரோட வலி.”