கீரி வைத்த சிப்பி

நாவல் குளத்துக்கு மூன்று கரைகள். நாலாவது பக்கம் மலை. மழை பெய்தால் மலைத் தண்ணீர் முழுவதும் குளத்தில்தான் வந்து இறங்கும். போன வருஷம் கரை உடைந்து, பள்ளத்தில் இருந்த வளைகள் எல்லாம் மூழ்கிப் போயின. அதனால் இந்த வருஷம் மழைக்கு முன்பே கரைகளை உயர்த்திவிடுவது என்று விலங்குகள் முடிவு செய்தன.

கிழக்குக் கரையைக் காட்டுப்பன்றி எடுத்துக்கொண்டது. தெற்குக் கரை முள்ளம்பன்றிக்கு. மேற்குக் கரை எறும்புத்தின்னிக்கு. மூவரும் மண் தோண்டுவதில் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. இரண்டு கரை உயர்ந்து ஒரு கரை தாழ்ந்திருந்தால், தண்ணீர் தாழ்ந்த கரையைத்தான் தேடிப் போகும். ஆகவே இன்று எத்தனை சாண் உயர்த்தலாம் என்று காலையில் மூவரும் ஆளுக்கொரு அளவு சொல்ல வேண்டும். அதில் எது பெரிய அளவோ, அதுதான் அன்றைக்கு மூவருக்கும் வேலை. கத்திச் சொல்லலாம் என்றால் மலையில் சிறுத்தை இருக்கிறது. அதற்குக் காது ரொம்பக் கூர்மை.

எனவே செய்தி கொண்டுபோகும் வேலை கீரிக்குக் கிடைத்தது. காட்டில் அதைவிட வேகமாக ஓடுகிறவர் யாரும் இல்லை. அந்த நினைப்பு அதற்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

பன்றியிடம் செய்தி கேட்டதும் கீரி நேரே முள்ளம்பன்றியிடம் போகுமா? போகாது! முதலில் தன் வளைக்கு ஓடும். வளை கிழக்குக் கரைக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. அங்கே வாசல் மணலில் செய்தியை நகத்தால் கீறி வைக்கும். மனைவியையும் மூன்று குட்டிகளையும் கூப்பிட்டுக் காட்டும்.

“பாத்தீங்களா! இந்தக் குளமே அப்பா கையில இருக்கு!”

அதற்குப் பிறகு மணலைப் பார்த்து மறுபடி மனப்பாடம் செய்து, மீசையைத் தடவிக்கொண்டு, தெற்கே ஓடும். அங்கே ஒரு கிழங்கு உபசாரம். மேற்கே கரையான் விருந்து. எல்லாருக்கும் எல்லாச் செய்தியும் போய்ச் சேருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். அதுவரை மற்ற மூவரும் மண்ணைத் தொடாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள்.

இதை ஒரு நண்டு பார்த்துக்கொண்டே இருந்தது. குளத்தின் நடுவே உயரமாக ஒரு தட்டைப் பாறை உண்டு. அதன் அடியில்தான் நண்டு குடியிருந்தது.

ஒருநாள் அது பாறைமேல் ஏறி நின்று கேட்டது. “நாம எல்லாரும் ஒரே குளத்தைச் சுத்தித்தானே இருக்கோம்? இந்தப் பாறை மூணு கரைக்கும் தெரியுது. குளத்துலயும் முழங்கால் தண்ணிதான். காலையில ஆளுக்கு ஒரு தடவை வந்து, எத்தனை சாணோ அத்தனை கூழாங்கல்லை இங்க வெச்சிட்டுப் போங்க. மத்தவங்க அவங்க அவங்க கரையில இருந்தே பாத்துக்கலாம். செய்தி ஏன் ஊரெல்லாம் சுத்தணும்?”

“அட, ஆமா!” என்றது பன்றி.

“இது ஏன் நமக்குத் தோணல?” என்றது முள்ளம்பன்றி.

கீரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் முகத்தில் ஈயாடவில்லை.

முதல் நாள் பாறையில் பெரிய ரகளை ஆகிவிட்டது. மூவரும் ஒரே இடத்தில் கல்லை வைத்தார்கள். பன்றி மூக்கை நீட்டியதும் முள்ளம்பன்றியின் கற்கள் உருண்டு எறும்புத்தின்னியின் கற்களோடு கலந்தன. எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் நகரும் வரை இன்னொருவர் கிட்டே வர முடியவில்லை.

புதருக்குள் இருந்து பார்த்த கீரிக்கு ஒரே குஷி! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “நாளைக்கு என் கால்ல வந்து விழுவாங்க பாரு!”

ஆனால் நண்டு விடவில்லை. “கிழக்கு மூலை பன்றியண்ணனுக்கு. தெற்கு மூலை முள்ளம்பன்றியக்காவுக்கு. மேற்கு மூலை எறும்புத்தின்னிக்கு. நடுவுல நல்லா இடம் விட்டுடுங்க. ஒருத்தர் மூலையை இன்னொருத்தர் தொடவே கூடாது!” என்றது.

இன்னொரு சட்டமும் போட்டது. “எல்லாக் கல்லையும் வெச்சு முடிச்ச பிறகு, மேலே ஒரு வெள்ளைச் சிப்பியை வைங்க. சிப்பி இருந்தா செய்தி முடிஞ்சுதுன்னு அர்த்தம். சிப்பி இல்லைன்னா யாரும் எண்ணக் கூடாது. அரைகுறையா எண்ணிட்டுப் போனா மோசம் போயிடுவோம்!”

மறுநாள் முதல் வேலை பறந்தது. வெயில் ஏறுவதற்குள்ளேயே கரையில் மண் விழ ஆரம்பித்தது. போகிற வருகிற பறவைகள் எல்லாம், “நண்டுக்கு என்ன மூளை! நண்டுக்கு என்ன மூளை!” என்றன.

கீரியின் காதில் புகை வந்தது. நண்டு என்றால் யார்? நேரே நடக்கக்கூடத் தெரியாது! கரையிலிருந்து கரைக்குப் போக அதற்கு அரை நாள் ஆகும். அதைப் போய்க் கொண்டாடுகிறார்கள்! கீரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிழங்கு கொடுத்தவர்கள் இப்போது ‘வா’ என்றுகூடச் சொல்வதில்லை. சொல்ல நேரம் இல்லை, பாவம். அவர்கள் வேலையில் இருந்தார்கள். ஆனால் பொறாமைக்காரன் கண்ணுக்கு அது வேலையாகவா தெரியும்? தன்னை அவமானப்படுத்துவதாகத்தான் தெரியும்.

“கரை சீக்கிரம் உயர்ந்தா நல்லதுதானே?” என்றாள் அதன் மனைவி. “மழை வந்தா முதல்ல நனையப்போறது நம்ம பிள்ளைங்கதான்.”

“நீயும் அந்த நண்டுக்குத்தான் பரிஞ்சு பேசுவே!” என்று சீறிவிட்டுக் கீரி வெளியே போய்விட்டது.

அதன் பிறகு கீரி கண்கொத்திப் பாம்பாக அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டு கிடந்தது. நாலு நாளில் ஒரு விஷயம் அதற்குப் பிடிபட்டது. முள்ளம்பன்றியின் வாயில் ஒரு நடைக்கு நாலு கல்லுக்கு மேல் கொள்ளாது. அளவு பெரிதாக இருந்தால் கரைக்குத் திரும்பிப் போய் மறுபடி கல் எடுத்து வரும். அந்த இடைவெளியில் பாறையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் மலைக்கு மேலே மேகம் கறுத்து நின்றது. முள்ளம்பன்றி வானத்தைப் பார்த்தது. “இன்னிக்கு ஒன்பது சாண் போட்டே ஆகணும்” என்று முடிவு செய்தது. நாலு கல்லைக் கொண்டுவந்து தெற்கு மூலையில் வைத்துவிட்டு, மீதிக் கல்லுக்குத் திரும்பியது.

கீரி மின்னல் மாதிரி ஓடிவந்தது. ஒரு வெள்ளைச் சிப்பியை அந்த நாலு கல்லின் மேல் வைத்தது. வந்த சுவடு தெரியாமல் புதருக்குள் மறைந்தது.

“இப்ப பன்றியும் முள்ளம்பன்றியும் அடிச்சுக்குவாங்க! பாறையும் வேண்டாம், நண்டும் வேண்டாம்னு என்னைத் தேடி வருவாங்க!”

கிழக்குக் கரையில் காத்திருந்த பன்றிக்கு எப்போதும் அவசரம். சிப்பி தெரிந்த உடனே எண்ணியது. தெற்கே நாலு. தன்னுடையதும் நாலு. மேற்கே மூன்று. “சரி, இன்னிக்கு நாலு சாண்!” என்று திரும்பி வேலையில் இறங்கிவிட்டது.

முள்ளம்பன்றி இன்னும் நாலு கல்லோடு வந்தது. சிப்பியைப் பார்த்து ஒரு நிமிஷம் விழித்தது. “நான்தான் ஞாபகமில்லாம வெச்சிட்டேன் போல!” என்று சொல்லிக்கொண்டு, அதை எடுத்துவிட்டு, ஒன்பதாவது கல்லுக்கு இன்னொரு நடை போய் வந்து, ஒன்பதையும் அடுக்கி, மறுபடி மேலே சிப்பியை வைத்தது. எறும்புத்தின்னி ஒரு தூங்குமூஞ்சி; தன் மூன்று கல்லை வைத்துவிட்டுக் கரையில் போய்ப் படுத்துவிட்டது. அது மெதுவாக எழுந்து வந்து பார்த்தபோது ஒன்பது கல் இருந்தது. அது ஒன்பது சாண் உயர்த்தியது.

பொழுது சாய்வதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. முள்ளம்பன்றியும் எறும்புத்தின்னியும் கிழக்குக் கரைக்கு ஓடிவந்து பார்த்தார்கள். அது மற்ற இரண்டையும் விட ஐந்து சாண் தாழ்ந்து கிடந்தது!

“ஏன்ணே இப்படிப் பண்ணினீங்க? ஒன்பது கல் வெச்சேனே!”

“ஒன்பதா? நாலுதான் இருந்தது! சிப்பியும் இருந்தது! என் ரெண்டு கண்ணால பாத்தேன்!”

“நான் பாத்தப்பவும் ஒன்பது இருந்ததே!” என்றது எறும்புத்தின்னி.

“அப்ப நான் பொய் சொல்றேனா?” பன்றிக்கு ரோமம் சிலிர்த்தது. முள்ளம்பன்றிக்கும் முட்கள் நிமிர்ந்தன. இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். அதனால்தான் இரண்டு பேருக்கும் அவ்வளவு கோபம்.

புதருக்குள் கீரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சண்டை, சண்டை! நண்டு மூஞ்சியில் கரி! அப்படியே சிரித்துக்கொண்டு திரும்பியபோது, கிழக்குக் கரைக்குக் கீழே தன் வளை வாசல் தெரிந்தது. வாசலில் மூன்று குட்டிகளும் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றன.

கீரியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. இத்தனை நாள் நண்டைக் கவிழ்ப்பதைப் பற்றியே யோசித்தது. தாழ்ந்த கரைக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதை ஒரு தரம்கூட யோசிக்கவில்லை.

அது பன்றியிடம் ஓடியது. “அண்ணே! செய்தி கொண்டுவந்திருக்கேன்! தெற்குக் கரை ஒன்பது சாண்தான்! சீக்கிரம் கரையை உயர்த்துங்க!”

“நீயும் அவ கட்சியா? போடா!” என்றது பன்றி.

“நிஜமாத்தான் சொல்றேன்!”

“பாறையில சிப்பி இருந்தது. நாலுதான் இருந்தது. அதை எனக்கு மாத்திச் சொல்ல நீ யாரு?”

அப்போது நண்டு கரையேறி வந்தது. எல்லாரும் சொன்னதைக் கேட்டது. “நான் திரும்பி வந்தப்பவே சிப்பி இருந்தது, ஆனா நான் வெச்ச ஞாபகமே இல்லை” என்றது முள்ளம்பன்றி. “நாலு கல் இருந்தப்ப சிப்பி எப்படி வந்தது? அக்கா வெக்கல. அப்ப யாரு வெச்சது?” என்றது நண்டு.

மழை கொட்டியது. கீரி தரையைப் பார்த்தது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் தண்ணீர் வரும். இதற்கும் அது யோசித்தது என்றால் பாருங்கள்! கரையின் உச்சியைத் தொடத் தண்ணீருக்கு இன்னும் இரண்டு சாண் இருந்தபோது யோசிக்க ஆரம்பித்தது. ஒரு சாண் இருந்தபோதுதான் வாய் திறந்தது.

“நான்தான்! நான்தான் வெச்சேன்! நண்டு மேல பொறாமை! என் பிள்ளைங்க கீழ இருக்காங்கண்ணே!”

ஒருவரும் திட்டவில்லை. திட்ட நேரம் இல்லை. பன்றி மூக்கால் மண்ணைத் தள்ளியது. முள்ளம்பன்றியும் எறும்புத்தின்னியும் நகம் தேயத் தோண்டின. கரை ஒரு சாண் உயர்ந்தது, இரண்டு சாண் உயர்ந்தது. மூன்றாவது சாண் போடுவதற்குள் தண்ணீர் வழிந்து பள்ளத்தில் பாய்ந்தது. கீரியும் அதன் மனைவியும் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி மேட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கடைசிக் குட்டியை எடுத்தபோது தண்ணீர் கீரியின் கழுத்து வரை வந்துவிட்டது. மூன்றும் பிழைத்தன. வளை கரைந்து போனது. கூடவே பள்ளத்தில் இருந்த வேறு ஐந்து வீடுகளும் போயின.

மழை விட்டது. கரையைச் சரிசெய்தார்கள். பாறையில் மறுபடி வேலை நடந்தது. இப்போது யாரும் தங்கள் மூலையை அரைகுறையாக விட்டுவிட்டு நகருவதே இல்லை. கல்லையெல்லாம் முன்கூட்டியே பாறையில் சேர்த்து வைத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த தாமரைக் குளத்து விலங்குகள் ஆள் அனுப்பின. “எங்கள் குளம் நிறைந்தால் உங்கள் குளத்துக்குத்தான் தண்ணீர் வரும். தினமும் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்ள வேண்டும்” என்றன. பாறை அங்கே தெரியாது. ஓடுகிற ஆள் ஒன்று வேண்டும்.

கீரி நிமிர்ந்து உட்கார்ந்தது. இதைவிட நல்ல வேலை உண்டா!

நண்டு எல்லாருக்கும் முன்னால், “கீரியாரை விட வேகமா ஓடுறவங்க நம்மகிட்ட யாரும் இல்லை” என்று நியாயமாகவே சொன்னது.

“வேகம் சரி” என்றது பன்றி. “இங்கேன்னா போய்ப் பாறையைப் பாத்துக்கலாம். அங்கே அவன் வாயை மட்டும்தானே நம்பணும்?”

கடைசியில் அந்த வேலையை உடும்புக்குக் கொடுத்தார்கள்.

“உடும்பா! அது போய்ச் சேர ஒரு நாள் முழுக்க ஆகுமே! நான் அரை மணியில போயிடுவேனே!” என்று கீரி கத்தியது.

“ஆகட்டும்” என்றது முள்ளம்பன்றி. “சொன்னதை அப்படியே சொல்லும்.”

உடும்பு மெல்ல மெல்ல மலையேறிப் போவதைக் கீரி பார்த்துக்கொண்டே நின்றது. அதன் கால்கள் துறுதுறுத்தன. ஆனால் ஓடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அடுத்தவனுக்குக் கிடைத்த நல்ல பெயரைப் பொறாமையால் கெடுக்கப் போகிறவன், முதலில் தன் சொல்லுக்கு இருந்த மதிப்பையே கெடுத்துக்கொள்கிறான்.