அறைக்குள் கழற்றிய வட்டு

“நான் என் அறையைத்தானே காலி பண்ணினேன்? வெளியே இருந்தது எப்படிம்மா போச்சு?” என்று தணிகாசலம் கேட்டார்.

இசக்கியம்மாள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். தொலைபேசியில் கண் மருத்துவமனை காத்திருந்தது. அங்கே ஒருவருக்குச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். கணினியில் அவருடைய பழைய கண் படங்கள் இருந்த இடம் திடீரென்று காலியாகத் தெரிந்ததாம்.

அவள் ஒரு கட்டளை அடித்தாள். படங்கள் இருந்த வட்டு மறுபடி அதன் இடத்தில் பொருந்தியது.

“இப்ப பாருங்க டாக்டர்.”

“வந்துடுச்சு.”

மருத்துவமனையின் படங்களைச் சேமித்து வைத்த பெரிய கணினி அவள் பொறுப்பில் இருந்தது. தணிகாசலம் வயதில் அவளைவிட மூத்தவர். வங்கி வேலையை விட்டுவிட்டு அவளிடம் கற்க வந்தவர். சோதனை செய்து பார்க்க, அதே கணினிக்குள் தனக்கென்று ஓர் அறை அமைத்திருந்தார். அறை என்றால் சுவர் கிடையாது. கணினியின் கோப்புகள் முழுவதையும் இன்னோர் இடத்திலும் தெரியும்படி செய்வது, அவ்வளவுதான். வேலை முடிந்ததும், சுத்தம் பார்க்கிற மனிதர் ஆகையால், அறைக்குள் தெரிந்த வட்டுகளை எல்லாம் கட்டளை அடித்தே கழற்றிவிட்டார்.

“எதையும் மாத்த விடுற அந்த ரூட் கடவுச்சொல்லை மாத்திடுங்கம்மா. எனக்கு இது வேண்டாம். யாரோட கண்ணாவது போயிடப் போகுது.”

“கேள்வி கேட்டீங்களே, அதை முதல்ல பார்ப்போம். உட்காருங்க. உங்க அறைக்குள்ள ஒரு வெத்து வட்டைப் பொருத்துங்க.”

பொருத்தினார். அவள் தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். அந்த வட்டு அறைக்கு வெளியே, பெரிய கணினியிலும் இருந்தது.

“நான் அங்க ஒண்ணும் செய்யலையே!”

“இப்ப நான் இங்க கழற்றுறேன்.”

அவருடைய அறையிலும் அது மறைந்தது. தணிகாசலம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். மறுபடி பொருத்தினார், மறுபடி கழற்றினார்.

“இதுல எதும்மா அசல்?”

“எதுன்னு நினைக்கிறீங்க?”

“ரெண்டும் ஒண்ணையொண்ணு கேட்டுக்குது. அப்ப ரெண்டையும் முழுசா பிரிச்சிடறேன்.”

“பிரிச்சுப் பாருங்க.”

பிரித்தார். இப்போது உள்ளே எதைக் கழற்றினாலும் வெளியே அசையவில்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

சில நாள் கழித்து மருத்துவமனை புதிய படங்களோடு ஒரு வட்டு அனுப்பியது. இசக்கியம்மாள் அதை வெளியே பொருத்தினாள். தணிகாசலம் தன் அறையிலிருந்து அதற்குப் பிரதி எடுத்தார்.

“முடிஞ்சுதும்மா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுது.”

“அவ்வளவு படமும் அதுக்குள்ளயா?”

அவர் திறந்து பார்த்தார். கோப்புறை இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

“காலி டப்பாவை பத்திரமா பூட்டி வச்சிருக்கீங்க,” என்றாள்.

“சேர்ந்திருந்தா நான் கெடுக்கிறேன். பிரிஞ்சிருந்தா எனக்கு ஒண்ணும் வந்து சேரல. நான் என்னதான் செய்ய?”

“அறையைக் கலைச்சிட்டு மறுபடி கட்டுங்க. கட்டின உடனே இந்தக் கட்டளையை அடிங்க,” என்று எழுதிக் காட்டினாள்.

அடித்தார். அவள் வெளியே வட்டைப் பொருத்தினாள்; அவர் அறையில் அது வந்தது. அவர் உள்ளே கழற்றினார். வெளியே அது அப்படியே இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்.

பிறகு முகம் சுருங்கியது.

“ஆனா வெளியே யாராவது தப்பா கழற்றினா, எனக்கும் போயிடுமே?”

“போகும்.”

“அதை மட்டும் தடுக்க முடியாதா?”

“வர்றது வேணும்னா, போறதும் வரும்.”

“வெளியே யாரு கழற்றுவாங்க?”

“நான்தான்.”

“அப்ப நான் உங்களை நம்பிக்கிட்டு இருக்கணும்.”

“ஆமாங்க ஐயா. ரூட் கடவுச்சொல்லைக் கொடுத்தப்ப நானும் உங்களை இப்படித்தான் நம்பினேன்.”