நரியின் கடையும் கேளையாட்டின் குரலும்

மலையடிவாரக் காடு ஒன்றில், நாவல் மரத்தடியில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. மான்குட்டிகளும் முயல்குட்டிகளும் அங்கே படித்தன. பாடம் சொன்னவர் ஒரு முயல் வாத்தியார். தங்கமானவர், ஆனால் குரல் மிக மெல்லியது. கடைசி வரிசைக் குட்டிகள் காதை நிமிர்த்திக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

பள்ளிக்குப் போகும் வழியில், ஒரு புற்றின் பக்கத்தில் நரி கடை போட்டது. முன்னால் நெல்லிக்காயும் இலந்தைப்பழமும் குவித்து வைத்தது. பின்னால் தேன் தடவிய புகையிலைச் சுருட்டுகளை அடுக்கியது. பழத்துக்கு வரும் குட்டிகளிடம், பெரியவர்கள் எல்லாம் இதைத்தான் இழுக்கிறார்கள் என்று சொல்லி, முதல் சுருட்டைச் சும்மாவே கொடுத்தது. ருசி கண்ட குட்டிகள் மறுநாளும் வந்தன.

அவற்றில் துள்ளனும் ஒன்று. துள்ளனின் தாய் ஒரு கேளையாடு. குழந்தைகளே, கேளையாடு என்பது நாயைப் போலக் குரைக்கும் சிறிய மான். ஆபத்தைக் கண்டால் அது எழுப்பும் குரல் மலைக்கு அந்தப் பக்கமும் கேட்கும். மற்ற நேரங்களில் புதருக்குள் சத்தமில்லாமல் ஒதுங்கியே வாழும்.

ஒருநாள் காலை ஒரு சிறுத்தை குட்டிகளைத் துரத்தியது. மற்றக் குட்டிகள் ஓடித் தப்பின. துள்ளன் மட்டும் பாதி வழியில் இருமி, மூச்சிரைத்து நின்றுவிட்டது. தாய் முட்டித் தள்ளி முள்புதருக்குள் புகுத்தியதால்தான் பிழைத்தது. அங்கே குட்டியின் வாயை முகர்ந்தபோதுதான் தாய்க்கு விஷயம் புரிந்தது.

அது நேராகக் காட்டின் தலைவரான யானையிடம் போய் முறையிட்டது. பள்ளியில் பாடம் சொல்லும் குரல் காதில் விழும் இடத்தில் புகையிலை விற்கக் கூடாது என்று ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. நரி அதைத் தெரிந்துகொண்டுதான் இடம் பிடித்திருந்தது. வாத்தியாரின் குரல் புற்றுவரை எட்டவே எட்டாது. சட்டத்தை மாற்ற மழைக்காலம் கழிந்து சபை கூட வேண்டும், அதுவரை பொறுத்திரு என்று யானை வருத்தத்தோடு சொல்லி அனுப்பியது.

கேளையாட்டால் பொறுத்திருக்க முடியவில்லை. வாத்தியாரிடம் போய், அவர் சொல்லும் பாடத்தைத் தான் உரக்கச் சொல்ல விடும்படி கேட்டுக்கொண்டது.

வாத்தியார் திடுக்கிட்டார். "நீ எங்கே நிற்கிறாய் என்று சிறுத்தைக்குத் தெரிந்துவிடுமே, அம்மா?"

"தெரியட்டும். என்னால் ஓட முடியும். என் பிள்ளையால் இப்போது முடியாது" என்றது கேளையாடு.

மறுநாள் காலை நரி கடையைத் திறந்தபோது, பாடம் அதன் காதுக்குள் வந்து விழுந்தது. அதைக் கேட்டுக்கொண்டே யானையும் கடை முன்னால் வந்து நின்றது.

"பாடம் சொல்லும் குரல் கேட்கிறதா?"

"கேட்கிறது, தலைவரே. ஆனால் அது வாத்தியார் குரல் இல்லையே" என்று இழுத்தது நரி.

"யார் குரல் என்று சட்டம் சொல்லவில்லை. கடையை எடு."

நரி ஓடைக்கு அப்பால் கடையை மாற்றியது. அங்கும் குரல் வந்தது. அடுத்த மேட்டுக்குப் போனது. அங்கும் வந்தது. கடைசியில், எந்தக் குட்டியும் கால் வைக்காத மொட்டைப் பாறைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தது. வாங்க ஆளில்லாமல் சுருட்டுகள் மழையில் நனைந்து அழுகின.

துள்ளனின் இருமல் மெல்ல மெல்ல அடங்கியது. அது மறுபடி மற்றக் குட்டிகளோடு ஓடியது.

வாத்தியார் பயந்தபடியே, குரல் வந்த திசையைப் பிடித்துக்கொண்டு சிறுத்தையும் ஒருநாள் வந்தது. குட்டிகளை முன்னால் ஓடவிட்டு, கேளையாடு எதிர்த்திசையில் பாய்ந்து போக்குக் காட்டித் தப்பியது. மறுநாள் காலை, காலில் கீறலோடு அதே நாவல் மரத்தடிக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தது.

நீதி: பிள்ளைகளைக் காக்கச் சட்டம் மட்டும் போதாது, துணிந்து குரல் கொடுப்பவரும் வேண்டும்.