சுவர் தாண்டி வந்த குரல்

‘கருவியால் பயனில்லை, பிள்ளைக்குக் கேட்கவில்லை’ என்று கூசாமல் எழுதினாயே வகுப்பாசிரியையே, உன்னைத்தான் சொல்கிறேன். நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். கேட்பவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

உப்பளத்தை ஒட்டிய பள்ளி அது. ஒன்பதாம் வகுப்பு மாரிக்கனிக்குப் பிறவியிலேயே காது மந்தம். அவள் காதில் மிஷின். பாடம் நடத்துகிறவர் கழுத்தில் சின்ன மைக். மைக்கில் பேசுவது நேராக அவள் காதுக்குள் வந்துவிடும். மணியடித்ததும் அவளே போய் ஒருவர் கழுத்திலிருந்து அதை வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பாள். மைக் வகுப்பை விட்டு வெளியே போனால் உடனே மிஷினைக் கழற்றிவிடுவதாகத் தலைமையாசிரியைக்கு வாக்கும் கொடுத்திருந்தாள்.

அன்று மழை. ஜன்னலுக்கு வெளியே உப்பளமும் வானமும் ஒரே வெள்ளையாய்க் கரைந்து கிடந்தன. அதிலேயே லயித்திருந்தவள் மணியைத் தவறவிட்டாள். கணக்கு வாத்தியார் சூசைமிக்கேல் மைக்கோடு ஆசிரியர் அறைக்குப் போய்விட்டார். எதிரே புவியியல் டீச்சரின் உதடுகள் அசைகின்றன. பலகையில் ஒரு கடல் மெல்ல விரிகிறது. மாரிக்கனியின் காதுக்குள்ளோ டம்ளர் வைக்கும் ஓசை, நாற்காலி இழுபடும் ஓசை. பிறகு, அந்தக் கடலின் அடியிலிருந்தே மிதந்து வருவதுபோல வகுப்பாசிரியையின் குரல்:

“மணி கட்டின மாடு மாதிரி இதை எவ மாட்டிக்கிட்டுத் திரியறது? கேக்கலைன்னு எழுதிட்டேன். சாயங்காலம் அப்பன் வாரான். கையெழுத்துப் போட்டான்னா வெளியூர்ல காது கேளாதவங்க பள்ளி விடுதிக்கு அனுப்பிரலாம்.”

மாரிக்கனியின் கை மிஷினுக்குப் போனது. கழற்றினால் வாக்கு நிற்கும். வீடும் இந்தப் பள்ளியும் போய்விடும். கழற்றவில்லை.

சாயங்காலம் தலைமையாசிரியை அறையில், இரண்டு ஆசிரியர்களும் பார்த்து நிற்க, அப்பா பேனாவைத் திறந்தபோது மாரிக்கனி வாய் திறந்தாள். “எப்பா, போடாதீங்க. எனக்கு நல்லாக் கேக்கு.” மாட்டுப் பேச்சை ஒரு சொல் விடாமல், டம்ளர் ஓசை உட்பட ஒப்பித்தாள்.

“ஒட்டுக் கேட்டியாட்டி, களவாணி!” என்று பாய்ந்தாள் வகுப்பாசிரியை.

“ரெண்டு சுவர் தாண்டிக் கேட்டிருக்கா, டீச்சர்,” என்றார் சூசைமிக்கேல். “என் கழுத்து மைக்ல பச்சை லைட் எரிஞ்சதைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் அணைக்காம இருந்தேன்.”

தலைமையாசிரியை பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்: “நீ கொடுத்த வாக்கு என்னம்மா ஆச்சு?”



வாக்கை மீறிக் கேட்ட மாரிக்கனி, தெரிந்தே அணைக்காத சூசைமிக்கேல், கொடுத்த வாக்கை நினைவூட்டிய தலைமையாசிரியை. இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: மாரிக்கனி பக்கம். அடுத்தவர் பேச்சுக்குக் காவலாகத்தான் அந்த வாக்கு வாங்கப்பட்டது. அன்று பேசப்பட்டதோ அவள் வாழ்க்கை. தன்னையே தள்ளிவிடப் பேரம் நடக்கும்போது காதைப் பொத்திக்கொள் என்று எந்த வாக்கும் கட்டாயப்படுத்தாது. சூசைமிக்கேலுக்குப் பாதி நியாயம்தான்; பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவருக்கு வாய் இல்லையா? பிள்ளை பேசும் வரை காத்திருந்தார். தலைமையாசிரியையோ கேட்க வேண்டிய கேள்வியை ஆள் மாற்றிக் கேட்டுவிட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீ. கேட்கவில்லை என்று நீ சொன்னது அவள் காதிலேயே விழுந்த பிறகு வேறென்ன சாட்சி வேண்டும்? அந்தத் தாளை அவள் அப்பா கண்ணெதிரே கிழி. உண்மையை உன் கையாலேயே எழுதிக் கொடு. திங்கட்கிழமை முதல் பாடத்துக்கு அவளிடம் நீயே போய்க் கேட்டு வாங்கி மைக்கை மாட்டிக்கொள். செய்வாயா, மாட்டாயா? இப்போதே சொல்!