கிளம்பத் தயாராக இருந்த வளைவு

ஒரு பெருமழை வரும் வரைக்கும் அந்த ஆற்றுக்கு இடுப்பில் ஒரு வளைவு இருந்தது. குதிரை லாடம் போல நிலத்தைச் சுற்றிக்கொண்டு போய், புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து சேரும். நடுவே ஒல்லியான கழுத்தாக ஒரு துண்டு மண். அந்த மழையில் வந்த வெள்ளத்துக்குச் சுற்றிப்போகப் பொறுமையில்லை. கழுத்தை அறுத்து வழி உண்டாக்கிக்கொண்டு நேராகப் போய்விட்டது.

வளைவு தன் தண்ணீரோடு ஓரமாக ஒதுங்கி நின்றது.

"அக்கா! என்னை விட்டுட்டுப் போறியே!"

"கடலுக்கு நேரமாச்சுடி. இன்னொரு பெருவெள்ளம் வரட்டும், வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே ஆறு மறைந்தது.

வளைவு அதை நம்பியது. அன்றிலிருந்து அதற்கு ஒரே வேலை. ஆறு விட்டுப்போன இரண்டு முனைகளிலும் வண்டல் வந்து படியப் பார்க்கும். காற்றடிக்கும்போதெல்லாம் வளைவு அலையைக் கிளப்பி வண்டலைக் கிளறி விரட்டும். அக்கா வரும் வாசல் அடைந்துவிடக் கூடாது அல்லவா?

"கொஞ்சம் உட்கார விடேன். மலையிலேர்ந்து உருண்டு வர்றேன், உடம்பெல்லாம் வலிக்குது" என்றது வண்டல்.

"இங்க யாரும் உட்கார வேண்டாம். நானே கிளம்பப்போறேன்."

பாசி வந்து இடம் கேட்டது. கோரை தன் விதையைக் காற்றில் அனுப்பிக் கேட்டது. அவற்றுக்கும் அதே பதில்தான்.

வாசலிலேயே கண்ணாக இருந்ததால், தன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று வளைவு பார்க்கவில்லை. ஓயாமல் கிளறியதில் தண்ணீர் கலங்கியே கிடந்தது. வெயில் ஒரு சாண்கூட உள்ளே இறங்கவில்லை. கரை மரங்களின் இலைகள் விழுந்து அடியில் அழுகின. கோடையில் தண்ணீர் சுண்டியது. ஒரு விடியற்காலையில், வெள்ளத்தின்போது அதனோடு மாட்டிக்கொண்ட கெண்டை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. வெயில் ஏறுவதற்குள் பாதி மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

"நாறிப்போயிட்டேன்" என்று வளைவு அழுதது. "ஓடாத தண்ணி ஆயிட்டேன்ல. அதான்."

கரைக் கல்லில் ஒட்டியிருந்த நத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நானும்தான் ஓடறதில்லை. நாறியா போயிட்டேன்? மூட்டையைக் கட்டி வாசல்ல வெச்சிருக்கிற வீட்டுல யாரு அடுப்பு பத்த வைப்பா? பாசி இருந்தாத்தானே இதுங்களுக்கு மூச்சு? அதை நீதானே விரட்டினே!"

வளைவுக்குச் சுருக்கென்றது. பிழைத்துக் கிடந்த கெண்டைகளைப் பார்த்தது. பிறகு வண்டலைக் கூப்பிட்டது.

"உட்காரு."

"நிஜமாவா? நான் உட்கார்ந்தா எழுந்திரிக்க மாட்டேன். வாசல் அடைஞ்சுபோயிடும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

வளைவு, ஆறு போன திசையை ஒரு முறை பார்த்தது.

"உட்காருன்னு சொல்றேன்ல!"

அதன் பிறகு காற்று எவ்வளவு சீண்டினாலும் வளைவு பல்லைக் கடித்துக்கொண்டு அலையை அடக்கியது. கலங்கல் மெல்லத் தெளிந்தது. வெயில் அடிமண்ணைத் தொட்டது. பாசி அங்கே குடியேறி, பொடிப்பொடியாக மூச்சுக் குமிழிகளை விட்டது. பாசியைத் தண்ணீர்ப்பூச்சிகள் தின்றன. அவற்றைக் கெண்டை தின்றது. கெண்டையை மீன்கொத்தி தூக்கிக்கொண்டு போய், எச்சத்தைத் திரும்பவும் தண்ணீரிலேயே போட்டது. சேற்றுப் புழுக்கள் அதையும் அழுகிய இலையையும் அரைத்துக் கோரையின் வேருக்குக் கொடுத்தன. ஆறாக இருந்தபோது வந்ததெல்லாம் வளைவைக் கடந்து போனது. இப்போது போனதெல்லாம் சுற்றிக்கொண்டு அதனிடமே வந்தது. ஈர வயலில் நெளிந்து நெளிந்து ஒரு விரால்கூட வந்து சேர்ந்து, கோரை நிழலில் குஞ்சு பொரித்தது.

அந்தச் சமயம் பார்த்து ஆறு வந்தது. கரை கொள்ளாத வெள்ளம்.

"தங்கச்சி! வந்துட்டேன் பாரு. வழி விடு, இந்த மண்ணை இடிச்சுத் தள்ளுறேன்!"

முனையிலிருந்த வண்டல் நடுங்கியது. விரால் தன் சிவப்புக் குஞ்சுகளைப் பந்தாகச் சேர்த்துக்கொண்டு வளைவையே பார்த்தது. நத்தை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்து கத்தியது: "சொல்லித் தொலை! போறியா, இருக்கியா?"

வாசல் உடைந்தால் எல்லாம் போகும். பாசி, குஞ்சுகள், நத்தை, எல்லாம்.

"வண்டலு, விட்டுடாதே! கோரை, வேரை இறுக்கிப் பிடி!" என்றது வளைவு. ஆற்றைப் பார்த்துச் சொன்னது: "இடிக்காதே அக்கா. பாரம் தாங்கலேன்னா மேலால கொஞ்சம் தண்ணியை ஊத்திட்டுப் போ. நான் வெச்சுக்கறேன்."

ஆறு முட்டியது. மறுபடி முட்டியது. வண்டலில் ஒரு மூலை கரைந்தது. மீதியைக் கோரை வேர்கள் விடவில்லை. கடைசியில் ஆறு மூச்சு வாங்கிக்கொண்டு, மண்மேட்டின் மேலாகக் கொஞ்சம் தண்ணீரை இறக்கியது. வளைவு அதை அகலமாக விரிந்து வாங்கிக்கொண்டது. ஆற்றின் வேகம் தணிந்தது.

"என்னடி இது, கடலுக்குப் போகணும்னு அப்படி அழுதே? கடல் உன்னை எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

வளைவு சொன்னது: "வீட்டுல பிள்ளைங்க இருக்கு, வர முடியாதுன்னு சொல்லு."